எழுதப்படாத குளிர்க் கணக்கு

அரசர்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு எழுதிப் பழகிய நமக்கு, நாள்தோறும் கைபடும் பொருள்களுக்கும் வரலாறு உண்டு என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. காரின் முகப்பில் 'ஏ.சி.' என்று எழுதிய சிறு பொத்தானை எடுத்துக்கொள்வோம். அழுத்தினால் குளிர்ந்த காற்று வருகிறது. மீண்டும் அழுத்தினால் நிற்கிறது. இவ்வளவு எளிய செயலுக்குப் பின்னால் எட்டுப் பத்தாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க நமக்கு ஒன்று தெளிவாகிறது. காரின் குளிருக்கு விலை எப்போதுமே இருந்தது. ஆனால் அந்த விலை நெடுங்காலம் எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை. எவரேனும் ஒருவர் அதை அளந்து எழுதிய பிறகே பொறியும் சட்டமும் மாறத் தொடங்கின. அந்தக் கணக்கு எழுதப்பட்ட கதையே இக்கட்டுரை.

பெல்ட்டைக் கழற்றிய காலம்

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. குளிர் என்பது உண்டாக்கப்படும் பொருள் அன்று. ஓரிடத்தில் உள்ள வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் கொட்டுவதையே நாம் குளிரவைத்தல் என்கிறோம். கிணற்றிலிருந்து நீரை இறைத்து வெளியே ஊற்றுவதைப் போன்றது இது. காரில் இறைப்பவர் கம்ப்ரசர்; வாளியாகப் பயன்படுவது குழாய்களில் சுற்றிவரும் குளிர்வாயு. நம் மெக்கானிக்குகள் 'கேஸ்' என்று சொல்வது இதைத்தான். இறைப்பதற்கு வேண்டிய வலு இன்ஜினிலிருந்து பெல்ட் வழியாக வருகிறது. ஆகவே குளிர்காற்று பெட்ரோலிலிருந்தே பிறக்கிறது. வெளியேற்றப்பட்ட வெப்பமோ காருக்கு முன்னுள்ள கன்டென்சர் வழியாகத் தெருவில் கொட்டப்படுகிறது.

குளிர்சாதனம் பொருத்திய காரை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம். 1939ஆம் ஆண்டு நவம்பரில் சிகாகோ கார்க் கண்காட்சியில் அது அறிமுகமானது. கூடுதல் விலை 274 டாலர். டெட்ராய்டில் செய்யப்பட்ட கார்கள் கிளீவ்லாந்து நகரிலிருந்த பிஷப் அண்டு பாப்காக் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே குளிர்சாதனம் பூட்டப்பட்டன. குளிரூட்டும் சுருள் டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. குளிர்ந்த காற்று பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து வந்தது. வெப்பநிலையைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அதைவிட வியப்பு, அதை நிறுத்துவதற்கும் பொத்தான் இல்லை. குளிர் வேண்டாம் என்றால் ஓட்டுநர் இன்ஜினை அணைத்து, இறங்கி, பானட்டைத் திறந்து, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்!

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் அந்த ஓட்டுநருக்கு ஒன்று தெரிந்திருந்தது: குளிருக்கும் இன்ஜினுக்கும் உள்ள தொடர்பு. பெல்ட்டைக் கையில் பிடித்தவர் குளிர் இலவசம் என்று நினைத்திருக்க மாட்டார். பின்வந்த வசதிகள் அந்தத் தொடர்பை ஒவ்வொரு படியாக நம் கண்ணிலிருந்து மறைத்தன.

பேக்கார்டின் முயற்சி போர்க்காலத்தில் நின்றுபோயிற்று. 1953ல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் மீண்டும் தொடங்கின. மறு ஆண்டே நாஷ் நிறுவனம் கருவிகள் அனைத்தையும் பானட்டுக்குள்ளும் முகப்புப் பலகைக்குள்ளும் அடக்கி, 345 டாலருக்கு விற்றது. அதன் எடை சுமார் 60 கிலோ. குளிர்சாதனப் பெட்டி செய்யும் கெல்வினேட்டரும் கார் செய்யும் நாஷும் ஒரே நிறுவனமாக இணைந்திருந்ததால் இது கைகூடிற்று. 1964ல் காடிலாக் கார்களில், வேண்டிய வெப்பநிலையைக் குறித்து வைத்தால் மீதியைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விற்ற புதிய கார்களில் பாதிக்குமேல் ஏ.சி. கொண்டவை.

இந்த வளர்ச்சியோடு சேர்ந்து ஒரு சிறு பொருள் மறைந்தது. முன்கதவுக் கண்ணாடியின் ஓரத்தில், தனியே திருப்பத்தக்க முக்கோணக் கண்ணாடி ஒன்று இருந்ததல்லவா? நம் அம்பாசடரில் அதைப் பார்த்தவர்கள் பலர். திருப்பிவைத்தால் ஓடும் காற்றை வளைத்து முகத்தில் வீசும். ஒரு சொட்டு பெட்ரோலும் கேட்காது. 1960களின் இறுதியில் அமெரிக்கக் கார்கள் அதைக் கைவிடத் தொடங்கின. காற்றை உள்ளே அழைக்கும் வண்டியாக இருந்த கார், காற்றை வெளியே நிறுத்தும் பெட்டியாக மாறியது.

அந்நாளைய பொறிகளில் இன்னொரு வீண்செலவும் இருந்தது. காற்றை உறைநிலைக்குச் சற்று மேல்வரை குளிரவைத்து, அது மிகுதி என்று பட்டால் இன்ஜினின் சூட்டைக் கலந்து மீண்டும் சூடாக்கினார்கள். முழு விசையில் குளிரவைத்துப் பிறகு சூடாக்குவது, தேவைக்கு மேல் உப்பிட்டுவிட்டு நீரூற்றிக் குழம்பைச் சரிசெய்வது போன்றது. பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் எவரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

நஞ்சற்ற வாயுவும் மதுரையில் பிறந்த அறிஞரும்

எரிபொருள் ஒரு கணக்கு. வாயு இன்னொரு கணக்கு. அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தொடக்ககாலக் குளிர்சாதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற வாயுக்கள் இருந்தன. கசிந்தால் உயிருக்கு ஆபத்து. ஜெனரல் மோட்டார்ஸின் வேதியியலர் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய துணைவர்களும் 1928ல் இதற்கு மாற்றுக் கண்டனர். அதுவே குளோரோஃபுளோரோகார்பன். 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் அட்லாண்டா நகரில் கூடிய அமெரிக்க வேதியியல் கழகத்தின் முன்னிலையில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, தீப்பற்றவும் இல்லை என்று அவை வியந்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறையைக் கண்டவரும் இதே மிட்ஜ்லிதான் என்பது வரலாற்றின் விந்தை.

'ஆர்-12' என்று பெயர்பெற்ற அவ்வகை வாயுவே கார்களிலும் நிறைந்தது. அன்றைய கார் ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். ஆடும் இன்ஜின், ரப்பர்க் குழாய்கள், தேயும் இணைப்புகள் ஆகியவற்றால் வீட்டுப் பெட்டியைவிடக் காரில் கசிவு மிகுதி. கசிந்தால் என்ன? நஞ்சில்லாத வாயுதானே? மீண்டும் கேஸ் ஏற்றிக்கொண்டால் போயிற்று! இப்படியே நாற்பது ஆண்டுகள் கடந்தன.

1974ஆம் ஆண்டு ஜூனில் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கீழே எதனோடும் வினைபுரியாத இந்த வாயு மேலே ஏறி, புற ஊதாக் கதிர் பட்டுச் சிதைந்து, குளோரினை விடுவித்து ஓசோன் படலத்தை அழிக்கும் என்று அவர்கள் காட்டினர். எந்த நிலைத்தன்மைக்காக அவ்வாயு போற்றப்பட்டதோ அதுவே அதன் குற்றமாயிற்று. இக்கதை பலரும் அறிந்ததே.

பலர் அறியாத கதை மறு ஆண்டு நிகழ்ந்தது. அதன் நாயகர் மதுரையில் பிறந்தவர். வீரபத்திரன் இராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965ல் பொறியியல் பட்டம் பெற்று, சிகந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு இடப்பட்ட பணி, பெட்டிகளிலிருந்து குளிர்வாயு ஏன் கசிகிறது என்று ஆராய்வது. பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் அமெரிக்காவிலும் பயின்று, நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் பணியாற்றியபோது, 1975ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிப்பதோடு நில்லாமல், பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் பிடித்துவைக்கவும் செய்கின்றன என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். அவ்வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பதினாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடிக்கவல்லது!

அதுவரை புவி வெப்பமாதல் என்றால் கரியமில வாயு ஒன்றே பேசப்பட்டது. பிற வாயுக்களும் அந்தக் குற்றப்பட்டியலில் ஏறியது இராமநாதனின் கட்டுரைக்குப் பிறகே. சிகந்தராபாத்தில் கசிவை அடைக்க முயன்ற இளைஞர், கசிந்தது எங்கே போயிற்று, அங்கே என்ன செய்தது என்பதையும் பத்தாண்டுகளுக்குள் கண்டுசொன்னார். இதைவிட நேர்த்தியாக ஒரு வாழ்க்கையும் ஒரு வாயுவும் பின்னிப்பிணைந்த கதை நாம் அறிந்தவரை வேறில்லை. நம் பாடநூல்கள் இதை விரித்துச் சொல்லவேண்டும் என்பது நம் விருப்பம்.

1985ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை அறிவித்தனர். 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. வளர்ந்த நாடுகள் 1996க்குள்ளும் வளரும் நாடுகள் 2010க்குள்ளும் குளோரோஃபுளோரோகார்பன் உற்பத்தியைக் கைவிட வேண்டியிருந்தது. ஓசோனுக்காகப் போட்ட இந்த உடன்படிக்கை தட்பவெப்பத்துக்கும் பேருதவி செய்தது. கியோட்டோ ஒப்பந்தத்தின் முதற்கட்ட இலக்கைவிட ஐந்தாறு மடங்கு மிகுதியான நன்மையை அது தந்ததாக 2007ல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அந்த நன்மை இருக்கிறது என்று தெரிந்ததற்கு வேர் 1975ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்

ஆர்-12 போன இடத்தில் ஆர்-134ஏ வந்தது. 1990களின் நடுப்பகுதியில் உலகின் புதிய கார்கள் அதற்கு மாறின. அதில் குளோரின் இல்லை; ஆகவே ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதன் ஒரு கிலோ 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தைப் பிடிக்கும். ஆர்-12க்கு இந்த எண் 10,900. பெரிய கடனைச் சிறிய கடனாக்கினோம், கடன் தீரவில்லை.

இந்த எண்ணை நம் வழக்கத்துக்குப் பெயர்த்துப் பார்ப்போம். ஒரு காரில் 600 கிராம் ஆர்-134ஏ இருப்பதாகக் கொண்டால், அது முழுவதும் வெளியேறுவது சுமார் 860 கிலோ கரியமில வாயுவை வெளியிடுவதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். எனவே அந்த 600 கிராம், சுமார் 370 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரானால், 5,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய அளவு. ஒரே ஒரு கசிவு!

'கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்றிக்கொடுங்கள்' என்று நாம் சொல்வது வழக்கமல்லவா? உண்மையில் இந்த வாயு பெட்ரோலைப்போல் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாயில் சுற்றிச்சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் கசிந்திருக்கிறது என்றே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீரூற்றுவதே. பழுதுபார்க்கும்போது எஞ்சிய வாயுவைக் கருவியால் உறிஞ்சிச் சேமிக்காமல் காற்றில் திறந்துவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

ஐரோப்பிய ஒன்றியம் 2006ல் ஒரு விதி செய்தது. அந்த வெப்ப எண் 150க்கு மேற்பட்ட வாயுக்கள் 2011 முதல் புதிய வகைக் கார்களிலும் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கூடாது என்றது அவ்விதி. இதற்கென வந்த ஆர்-1234ஒய்எஃப் என்னும் வாயுவின் எண் மிகமிகச் சிறியது. ஆனால் அது சிறிது தீப்பற்றக்கூடியது. 2012ல் ஜெர்மனியின் டெய்ம்லர் நிறுவனம், சூடான இன்ஜின்மேல் இந்த வாயு பீறிட்டால் தீப்பிடிக்கிறது என்று தன் சோதனையில் கண்டு, அதைப் பயன்படுத்த மறுத்தது. 2013ல் பிரான்சு சில மெர்சிடிஸ் வகைகளைப் பதிவுசெய்ய மறுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்று, 2018ல் ஜெர்மனிக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. இதற்கிடையே கரியமில வாயுவையே குளிர்வாயுவாகப் பயன்படுத்தும் முறையை அந்நிறுவனம் சில கார்களில் கொண்டுவந்தது. குற்றவாளி என்று நாம் அறிந்த வாயுவே இங்கே மாற்றாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். அதன் எண் வெறும் 1 என்பதே காரணம்.

புதிய வாயுவும் கறையற்றது அன்று. அது காற்றில் சிதைந்து டிரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமாகி மழையோடு இறங்குகிறது. எளிதில் அழியாத அந்தப் பொருள் நீரில் சேர்வது பற்றிய கவலை இப்போது எழுந்திருக்கிறது. மிட்ஜ்லியின் மெழுகுவத்தி அணைந்த நாள் முதல் இதே கதைதான். ஒவ்வொரு தீர்வும் அன்றைய கணக்கேட்டில் உள்ள வரியை அடித்துவிட்டு, அதில் இல்லாத வரி ஒன்றைத் தொடங்கிவைக்கிறது.

அணைத்துவைத்து அளந்த மைலேஜ்

வாயுவின் கணக்கை அறிவியலர் எழுதினர். எரிபொருளின் கணக்கு எழுதப்படாமல் போனதற்குக் காரணம் வேறு. அளக்கும் முறையிலேயே அது விடுபட்டிருந்தது.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க அரசு 1975ல் கார்களின் மைலேஜுக்கு வரம்பு வகுத்துச் சட்டம் செய்தது. கார்கள் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டி அளக்கப்பட்டன. ஆனால் அந்தச் சோதனையில் ஏ.சி. இயக்கப்படவே இல்லை. மாற்றாக, ஏ.சி. பொருத்தும் வகைகளுக்கு உருளையின் சுமையைச் சற்றுக் கூட்டிவைத்தனர். விளைவு என்ன? கம்ப்ரசர் எவ்வளவு பெட்ரோல் குடித்தாலும் நிறுவனத்தின் மதிப்பெண் குறையாது. சிக்கனமான கம்ப்ரசர் செய்பவருக்கும் மதிப்பெண் கூடாது. தேர்வில் வராத பாடத்தை மாணவர் படிப்பாரா? ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இதன் விடை நன்றாகவே தெரியும்.

வாங்கியவர்கள், விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் கிடைக்கவில்லை என்று குறைகூறினர். 1985 முதல் அந்த எண்களை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறைத்து அச்சிட்டார்கள். அளக்கும் முறை மாறவில்லை. 1996ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, புகைச் சோதனைக்காக ஒரு புதிய முறை வகுத்தது. 35 பாகை வெப்பம், 40 விழுக்காடு ஈரப்பதம், சதுர மீட்டருக்கு 850 வாட் வெயிலொளி ஆகியவற்றின் கீழ் ஏ.சி.யை இயக்கிக்கொண்டு காரை ஓட்டிப் பார்ப்பது அம்முறை. 2008ஆம் ஆண்டு வகைக் கார்களிலிருந்து அந்தச் சோதனையின் முடிவும் மைலேஜ்ச் சீட்டில் சேர்ந்தது. பேக்கார்டு அறிமுகமாகி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பிறகுதான், காரின் குளிர் அதன் மைலேஜில் எழுதப்பட்டது!

இதற்கு முன்பே மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இருந்தனர். கொலராடோவில் அக்காலத்தில் தேசிய மீளாற்றல் ஆய்வகம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 2004ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அமெரிக்கக் கார்களின் ஏ.சி. மட்டும் ஆண்டுக்கு 700 கோடி காலன், அதாவது சுமார் 2,650 கோடி லிட்டர் பெட்ரோலைச் செலவழிக்கிறது. அந்நாட்டின் கார்கள், சிறு வண்டிகளின் எரிபொருளில் இது 5.5 விழுக்காடு என்றது அது. பன்னாட்டு ஆற்றல் முகமை 2019ல் உலகக் கணக்கைத் தந்தது. வாகன ஏ.சி.க்கள் நாளொன்றுக்கு 18 இலட்சம் பீப்பாய்க்கு மேற்பட்ட எண்ணெய்க்கு ஈடான ஆற்றலை உட்கொள்கின்றன. குளிர்நாடுகளில் வாகன ஆற்றலில் 3 விழுக்காடாக இருக்கும் இந்தப் பங்கு, வெப்பநாடுகளில் 20 விழுக்காடுவரை செல்கிறது. வெப்பமும் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்தால் 40 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். எரிபொருளும் கசிவும் சேர்ந்து 42 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான மாசு. அதில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் எரிபொருளால் வருவது. வாயுவைப் பற்றி உலகம் பேசிய அளவில் பாதியாவது பெட்ரோலைப் பற்றிப் பேசியதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெரிசலில் பங்கு கூடுவதற்குக் காரணம் எளியது. கார் நின்றாலும் வெயில் நிற்பதில்லை. கிலோமீட்டர் ஏறாமல் கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஏ.சி.யின் செலவு தூரத்துக்கு ஏற்ப அமைவதன்று, நேரத்துக்கு ஏற்ப அமைவது. கண்ணாடியை இறக்குவதா, ஏ.சி. போடுவதா என்ற பழைய வழக்குக்கும் இதில் விடை உண்டு. மெல்லச் செல்லும் நகரத் தெருவில் கண்ணாடியை இறக்குவதே சிக்கனம். வேகம் கூடக்கூடக் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவதால், நெடுஞ்சாலையில் அந்த ஆதாயம் சுருங்கும்.

வெயிலை வாசலில் நிறுத்துதல்

செலவைக் குறைக்கப் பொறியாளர்கள் கண்ட வழிகள் இருவகை. ஒன்று, பொறியைச் சிக்கனமாக்குவது. 1980களின் நடுவில், தேவைக்கு ஏற்பக் கூடவும் குறையவும் வல்ல கம்ப்ரசர்கள் வந்தன. குளிரவைத்துச் சூடாக்கும் பழைய மடமை குறைந்தது. மற்றொன்று, வெப்பத்தை உள்ளேயே விடாதிருப்பது. நம் பார்வையில் இரண்டாவதே மேலானது. ஆனால் வரலாற்றில் அதுவே புறக்கணிக்கப்பட்டது.

வெயிலில் நிற்கும் காரினுள் என்ன நிகழ்கிறது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதழில் 2005ல் வந்த ஆய்வு, ஒரு மணி நேரத்தில் உள்ளே சுமார் 22 பாகை செல்சியஸ் கூடுகிறது என்றும், அதில் எண்பது விழுக்காடு முதல் அரைமணியிலேயே கூடிவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரும்பயன் இல்லை என்றும் காட்டியது. காரின் ஏ.சி. இவ்வளவு பெரிதாகச் செய்யப்படுவதற்கு இந்த அடுப்பே காரணம். சூடேறிய காரைச் சில நிமிடங்களில் குளிரவைக்க வேண்டும் என்பதற்காகவே அதன் ஆற்றல் வகுக்கப்படுகிறது. பிறகு பயணம் முழுவதும் அந்தப் பெரும்பொறி சிறு வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேடேறுவதற்காக நான்கு மாடுகளைப் பூட்டி, சமவெளி முழுவதும் நான்குக்கும் தீனி போடுவதற்கு இது ஒப்பாகும். மேட்டைக் குறைத்தால் மாடுகளைக் குறைக்கலாம்.

2011ல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் கலிஃபோர்னியாவில் ஒரேவகைக் கார்கள் இரண்டை, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம், வெயிலில் நிறுத்தி ஆய்ந்ததை வெளியிட்டனர். கூரைகளின் வெப்பநிலையில் 25 பாகைவரை வேறுபாடு; உள்ளே 5 முதல் 6 பாகை வேறுபாடு. வெள்ளிநிறக் காருக்கு 13 விழுக்காடு சிறிய ஏ.சி. போதும் என்றும், கறுப்புக்குப் பதில் வெள்ளை அல்லது வெள்ளிநிறம் பூசினால் எரிபொருள் சுமார் 2 விழுக்காடு மிஞ்சும் என்றும் கணக்கிட்டனர். வண்ணத்தை மாற்றுவதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை.

கலிஃபோர்னியா அரசின் காற்றுவள வாரியம் 2009ல், வெயிலைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியைப் புதிய கார்களில் கட்டாயமாக்க விதி இயற்றியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அக்கண்ணாடியில் உள்ள உலோகப் பூச்சு கைப்பேசி அலைகளையும் வழிகாட்டிக் கருவிகளையும், நன்னடத்தைக் கைதிகளின் காலில் கட்டும் கண்காணிப்புக் கருவியையும் தடுக்கும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. 2010 மார்ச்சில் வாரியம் விதியைக் கைவிட்டது. ஆனால் எண்ணம் அழியவில்லை. 2012ல் அமெரிக்கா வகுத்த மாசு விதிகளில், வெயில் தடுக்கும் கண்ணாடி, வெயிலைத் திருப்பும் வண்ணம், நிறுத்திய காரில் காற்றோட்டம், காற்றோட்டமுள்ள இருக்கை ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரப்பட்டது. தேர்வில் பாடம் சேர்ந்தது.

இருக்கை ஏன் இப்பட்டியலில் வந்தது என்பதற்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. முன்சொன்ன கொலராடோ ஆய்வகத்தார் 'ஆதாம்' என்று பெயரிட்ட ஒரு பொம்மையைச் செய்தனர். 120 பகுதிகளாகப் பிரிந்த அதன் தோல் மனிதரைப்போல் வியர்க்கும். அதைக் காரில் உட்காரவைத்து, எங்கே குளிர்ந்தால் மனிதர் நிறைவடைவார் என்று அளந்தனர். குளிர வேண்டியது மனிதர்; கார் அன்று. முதுகிலும் தொடையிலும் தேங்கும் வெப்பத்தை இருக்கையே வெளியேற்றினால், மீதிக் காரை அவ்வளவு குளிரவைக்க வேண்டியதில்லை. வீட்டில் விசிறி கொண்டு ஆளுக்கு வீசிய நம் முன்னோர் இதை அறிந்தே இருந்தனர்.

நம் சாலைகளில்

இந்தியாவில் இந்த வரலாறு வேறு சிக்கலோடு வருகிறது. வெயிலைத் தடுக்க நம்மவர் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினர். உள்ளே நடப்பது தெரியாததால் குற்றங்களுக்கு அது துணைபோகிறது என்று வழக்கு வந்தது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கண்ணாடிகளில் தாள் ஒட்டுவதைத் தடைசெய்தது. பாதுகாப்பு நோக்கில் அத்தீர்ப்பின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒளியை விட்டு வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடியை ஆலையிலேயே பொருத்த வேண்டும் என்ற கோரிக்கை அப்போதே உடன் எழுந்திருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் வாகன ஏ.சி.யையும் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டது. ஆர்-134ஏ போன்ற வாயுக்களைக் குறைக்க 2016ல் கிகாலி நகரில் செய்த திருத்தத்தை இந்தியா 2021ல் ஏற்றது. அதன்படி 2028ல் பயன்பாட்டை உறையவைத்து, 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். வாயுவுக்குக் காலக்கெடு இருக்கிறது.

இவ்வளவும் படித்தபின், ஏ.சி.யே தீது என்று முடிவுகட்ட நாம் விரும்பவில்லை. 2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் செய்யப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. இன்ஜின் சூட்டின்மேல் அமர்ந்து, கோடையில் பல நூறு கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு இந்தக் குளிர் ஆடம்பரம் அன்று. கண்ணயராமல் காக்கும் அரண். அவருக்கு எண்பது ஆண்டு தாமதமாகக் குளிர் வரும்போது, எரிபொருளைக் காட்டி மறுப்பது நீதியாகாது. அவருக்கும் கொடுத்து, பூமிக்கும் கேடில்லாமல் செய்ய வேண்டுமென்றால், வீணாகும் குளிரை முதலில் நிறுத்த வேண்டும். ஆளில்லாத காரை நிழலில்லாமல் நிறுத்துவது, ஒருவருக்காக இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பது, கசியும் குழாயில் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது ஆகியவை யாருக்கும் பயன்படாத குளிர். காரில் ஏறியதும் கதவுகளைச் சிறிது நேரம் திறந்துவைத்து அனல் காற்றைப் போக்கிவிட்டு ஏ.சி.யை இயக்குவதும், குளிர்ந்தபின் உள்காற்றையே சுழலவிட்டு, நெடும்பயணத்தில் இடையிடையே வெளிக்காற்றை விடுவதும் எவரும் செய்யத்தக்கவை.

மின்கார்கள் இந்த வரலாற்றில் ஒரு வட்டத்தை நிறைவுசெய்கின்றன. அவற்றில் கம்ப்ரசருக்கு இன்ஜினும் இல்லை, பெல்ட்டும் இல்லை, மின்கலமே எல்லாம். ஏ.சி.யை இயக்கியதும், இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று திரை காட்டும் எண் குறைகிறது. 1939ல் பெல்ட்டைக் கையில் பிடித்த ஓட்டுநர் அறிந்ததை, இடையில் மறந்துபோன நாம் மீண்டும் கண்ணால் காண்கிறோம். ஆர்-12 போனதும், கம்ப்ரசர் திருந்தியதும், இருக்கைக்கு மதிப்பெண் வந்ததும் எல்லாம் எவரோ அளந்து எழுதிய பிறகு நிகழ்ந்தவை. நம் நாட்டிலும் கார் வாங்குபவர் கையில் தரப்படும் மைலேஜ்ச் சீட்டில், ஏ.சி. ஓடும்போது எவ்வளவு, ஓடாதபோது எவ்வளவு என்று இரண்டு எண்கள் அருகருகே அச்சாகட்டும். நாற்பது பாகை வெயிலில் ஏ.சி. இல்லாமல் கார் ஓட்டுபவர் இங்கே எத்தனை பேர்?